வரிக் கணக்கில் ஒளிந்திருக்கும் வரலாறு: சென்னை மாநகராட்சி ஆவணங்களும் பேட்டைகளின் கதையும்

சென்னை மாநகராட்சி இந்தியாவின் மிகப் பழைய நகராட்சி அமைப்பு. 1687 டிசம்பர் 30 என்று தேதியிட்ட பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று அது செயல்படத் தொடங்கியது. அன்றிலிருந்து இந்நகரின் வரி, குடிநீர், சாக்கடை, சந்தை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, இடுகாடு ஆகியவை பற்றி எழுதப்பட்ட தாள்கள் குவிந்துகொண்டே வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு பகுதி ரிப்பன் மாளிகையிலும் அதன் கீழுள்ள மண்டல, வட்ட அலுவலகங்களிலும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் குறிப்புகளின் படிகள் லண்டனில் உள்ளன.

ஒரு பேட்டையின், ஒரு தெருவின் வரலாற்றை எழுத முற்படுபவருக்கு இந்தத் தாள்களைவிட வளமான மூலம் வேறில்லை. இவற்றை எழுதியவர்கள் யாரும் வரலாறு எழுதுவதாக நினைக்கவில்லை. பணம் வசூலிக்கவும், செலவுக்குக் கணக்குக் காட்டவும், வந்த புகாருக்குப் பதில் சொல்லவும் எழுதினார்கள். கல்வெட்டும் மெய்க்கீர்த்தியும் பிறர் படிக்கவேண்டும் என்றே செதுக்கப்பட்டவை. வரிப் பதிவேட்டுக்கு அப்படியொரு வாசகர் இல்லை. ஆகவே, யாரும் சொல்ல நினைக்காத செய்திகள் அதில் தாமாகவே பதிந்துவிடுகின்றன.

வரியிலிருந்து பிறந்த அமைப்பு

மாநகராட்சி தோன்றிய கதையே வரிக் கதைதான். 1639-இல் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டத் தொடங்கியதும், கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும் வணிகர்களும் குடியேறினர். ஊர் பெருகியது, குப்பையும் பெருகியது. தெருக்களைத் துப்புரவு செய்யும் செலவுக்காக 1678-இல் ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் வீட்டு வரி விதித்தார். அடுத்து, நகரச் சுவரைப் பழுது பார்க்கும் செலவையும் குடிமக்கள் தலையில் ஏற்றக் கம்பெனி முனைந்தது. ஆளுநர் வில்லியம் கிஃபோர்டின் காலத்தில் இது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. சாதித் தலைவர்கள் திரண்டு மனுக் கொடுத்தனர். 1686-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடைகள் அடைக்கப்பட்டன; கோட்டையிலிருந்த ஆங்கிலேயருக்கு உணவுப் பொருள் விற்பதும் நின்றது. மிரட்டலையும் படைவீரர்களையும் கொண்டே கம்பெனி நிலைமையைச் சமாளித்தது.

சென்னை மக்கள் நடத்திய தொடக்ககாலக் கடையடைப்புகளில் ஒன்றைப் பற்றிய இச்செய்தி எங்கிருந்து கிடைக்கிறது? எதிர்த்தவர்கள் எழுதிவைத்த எதுவும் நம்மிடம் இல்லை. கம்பெனி ஆட்சிக்குழு தன் கூட்ட நடவடிக்கைகளை நாள்தோறும் எழுதிவைத்த நாட்குறிப்பிலிருந்தே இது தெரியவருகிறது. எதிர்ப்பை அடக்கியவர்களின் எழுத்தில்தான் எதிர்த்தவர்களின் செயல் உயிரோடிருக்கிறது. இது பல நூற்றாண்டுகளுக்குப் பொருந்தும். நகராட்சி ஆவணத்தைப் படிப்பவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய உண்மையும் இதுவே.

கம்பெனியின் லண்டன் தலைமையில் செல்வாக்கோடு இருந்த ஜோசயா சைல்டு இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார். ஊர்ப் பெரியவர்களுக்குப் பட்டமும் அங்கியும் கொடுத்து ஆட்சியில் ஓர் இடமும் தந்துவிட்டால், வரியை அவர்களே விதிப்பார்கள், மக்களும் முணுமுணுக்காமல் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதன் விளைவே மாநகராட்சிப் பட்டயம். நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயரானார். பன்னிரண்டு ஆல்டர்மன்களில் (மூத்த மன்ற உறுப்பினர்களில்) ஆங்கிலேயரோடு போர்ச்சுக்கீசிய, யூத, இந்து வணிகர்களும் இடம்பெற்றனர். நகர மண்டபம், சிறை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்காக வரி விதிக்கும் அதிகாரம் இந்த அமைப்புக்குத் தரப்பட்டது. பல மொழி, பல சமய வணிகர் நகரமாகச் சென்னை தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு அந்த ஆல்டர்மன் பட்டியல் ஒன்றே போதுமான சான்று.

ஆவணங்கள் சிதறிய வரலாறு

மாநகராட்சி 1688 முதல் இன்றுவரை ஒரே அமைப்பாக ஒரே சீராக இயங்கவில்லை. அதன் ஆவணங்கள் பல இடங்களில் கிடப்பதற்குக் காரணம் இதுதான். தொடக்கத்தில் மேயர் நீதிமன்றமே அதன் முதன்மையான பணியாக இருந்தது. 1726-இன் புதிய பட்டயத்துக்குப் பிறகு அந்த நீதிமன்றப் பண்பு இன்னும் மிகுந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749-இல் நகரம் ஆங்கிலேயருக்குத் திரும்பியபோதிலும், 1752 வரை கம்பெனியின் நிர்வாகம் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிலிருந்து நடந்தது. அந்தக் குழப்பத்தில் ஏடுகள் பல மறைந்தன. ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகள்தான் பல இடைவெளிகளை நிரப்ப உதவுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தெரு, துப்புரவு, வீட்டு வரி ஆகிய பொறுப்புகள் அமைதி நீதிபதிகள் எனப்பட்ட அலுவலர்களிடம் போயின. 1801-இல் உச்ச நீதிமன்றம் வந்தபோது நீதி வழங்கும் பணியும் முழுமையாகப் பிரிந்தது. நாம் இன்று அறியும் நகராட்சி 1856-இன் சட்டங்களிலிருந்து மெல்ல உருவெடுத்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் நகரை எட்டுக் கோட்டங்களாகப் பிரித்தது. 1878-இல் முதன்முதலாக உறுப்பினரில் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். 1904, 1919 ஆண்டுகளின் சட்டங்கள் அடுத்த படிகள். 1919-இன் சட்டமே பல திருத்தங்களோடு இருபதாம் நூற்றாண்டின் எஞ்சிய காலம் முழுவதும் சென்னையை ஆண்டது. 1933-இல் மேயர் பதவி மீண்டும் வந்தது. ராஜா முத்தையா செட்டியார் அப்பதவிக்கு வந்தார்.

இந்த மாற்றங்களின் பட்டியல் வறட்டுச் சட்ட வரலாறாகத் தோன்றலாம். ஆனால் எதை எங்கே தேடுவது என்பதை இதுவே தீர்மானிக்கிறது. 1700-களின் தொடக்கத்தில் ஒரு பேட்டை எப்படி அமைந்தது என்று அறிய ஆட்சிக்குழுவின் நாட்குறிப்புகளையும் மேயர் நீதிமன்ற நடவடிக்கைகளையும் புரட்டவேண்டும். 1880-இல் அதே பேட்டையில் சாக்கடை எப்படி வந்தது என்று தேடுபவர், மாகாண அரசின் நகராட்சித் துறை ஆணைகளையும் நகராட்சியின் ஆண்டறிக்கைகளையும் பார்க்கவேண்டும். 1925-இல் அங்கே பள்ளி ஏன் திறந்தார்கள் என்பதற்கு மாமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் தேவை.

கோட்டையில் குவிந்திருந்த அரசு ஏடுகளுக்காக எழும்பூரில் கட்டப்பட்ட ஆவணக் கட்டடம் 1909-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் காப்பாளராக இருந்த ஹென்றி டாட்வெல் காலத்திலிருந்து பழைய நாட்குறிப்புகள் நூல் வரிசையாக அச்சேறத் தொடங்கின. 1689-இன் மேயர் நீதிமன்ற நடவடிக்கைகளும் அந்த வரிசையில் வெளிவந்தன. 1913-இல் எச். டி. லவ் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய பெருநூல் இந்த மூலங்களைக் கொண்டே எழுதப்பட்டது. இன்றும் சென்னையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு மேல், அறிந்தோ அறியாமலோ, லவ் எடுத்துக் காட்டிய ஏடுகளிலிருந்து வந்தவையே. அதே 1913-இல்தான் மாநகராட்சி எர்ரபாலு செட்டித் தெருவிலிருந்து புதிய ரிப்பன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது.

பேட்டைக் கதையும் ஏட்டுச் சான்றும்

காலடிப்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். திருவொற்றியூரை ஒட்டிய இப்பகுதி பற்றி அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் கதை அழகானது. ஆளுநர் ஜோசப் காலட்டிடம் பணிபுரிந்த வீரராகவர் என்ற பக்தர் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளை வழிபட அடிக்கடி சென்றுவிடுவார். அவருடைய பக்தியைச் சோதித்து வியந்த ஆளுநர் அவருக்காக இப்பகுதியிலேயே பெருமாள் கோயில் ஒன்றைக் கட்டித் தந்தார். ஆளுநர் பெயரால் காலட் பேட்டை என்றிருந்தது காலடிப்பேட்டை ஆயிற்று என்பது கதை. கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது.

கம்பெனி நாட்குறிப்பில் இதே ஊர் வேறு முகத்தோடு வருகிறது. 1719-இல் காலட் தன் குழுவுக்குத் தந்த செய்தியில் நெசவாளரும் சீலைக்குச் சாயமெழுதுவோரும் குடியேற்றப்பட்டிருப்பதும், வீடுகள், கடைகள், கோயில் ஆகியவை எழுந்திருப்பதும் சொல்லப்படுகின்றன. ஊருக்கு ஆளுநரின் பெயரை வைக்கவும் குழு இசைந்தது. கம்பெனியின் நோக்கம் தெளிவானது. ஏற்றுமதித் துணிக்கு நெசவாளர் அருகிலேயே வேண்டும். அவர்கள் வந்து தங்கவேண்டுமானால் வீடும் கோயிலும் வேண்டும்.

இவ்விரண்டில் எது உண்மை என்று கேட்பது சரியான கேள்வி அல்ல. ஊரின் பெயர், ஆளுநர், கோயில் ஆகிய மூன்றிலும் மக்கள் நினைவும் ஏடும் ஒத்துப்போகின்றன. ஏன் கட்டப்பட்டது என்பதில்தான் பிரிகின்றன. மக்கள் தங்கள் கோயிலை நினைவில் வைத்தார்கள். கம்பெனி தன் துணியை நினைவில் வைத்தது. வட்டார வரலாறு எழுதுபவர் ஒன்றைக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அந்த ஊர் முழுமையாகத் தெரியும்.

சிந்தாதிரிப்பேட்டையின் தொடக்கமும் இத்தகையதே. 1734-இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், வணிகர் சுங்குராமரின் தோட்டமாக இருந்த நிலத்தில், நெசவாளருக்கென்றே அது அமைக்கப்பட்டது. கூவம் வளைந்தோடும் அந்த இடத்தில் யார் யாரைக் குடியமர்த்துவது, பணம் எப்படிக் கொடுப்பது என்பவை குழுவின் நடவடிக்கைகளில் விவாதிக்கப்பட்டுள்ளன. ஒரு பேட்டையின் பிறந்தநாளையே குறித்துச் சொல்லக்கூடிய வாய்ப்பு தமிழகத்தின் பழைய ஊர்கள் பலவற்றுக்குக் கிடையாது. சென்னைப் பேட்டைகளுக்கு அது கிடைத்திருப்பது ஏடுகளால்தான்.

பாரதியின் மறைவும் பதிவேட்டின் தேதியும்

பிறப்பு இறப்புப் பதிவேடுகள் நகராட்சி ஏடுகளில் மிகச் சுருக்கமானவை. ஒரு மனிதருக்கு ஒரு வரி. ஆனாலும் அந்த ஒரு வரி சில வேளைகளில் நீண்ட விவாதத்துக்கு அடித்தளமாகிறது. சுப்பிரமணிய பாரதி திருவல்லிக்கேணியில் மறைந்த நாள் பரவலாக 1921 செப்டம்பர் 11 என்று நினைவுகூரப்படுகிறது. 2021-இல் தமிழக அரசு அந்த நாளையே மகாகவி நாளாக அறிவித்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவிலோ செப்டம்பர் 12 என்றிருக்கிறது.

இது எழுத்தர் செய்த பிழை அல்ல. பாரதியின் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று கொள்வது தமிழர் வழக்கம். அந்தக் கணக்கில் அது பதினோராம் தேதியின் இரவு. நள்ளிரவில் தேதி மாறுவது அரசாங்கக் கணக்கு. பதிவேடு அதன்படிதான் எழுதப்பட்டது. நாள் எங்கே முடிகிறது என்பதில்தான் குடும்பமும் அலுவலகமும் வேறுபட்டன. ஆயினும் வரலாற்று நூலில் தேதி குறிப்பவர் செப்டம்பர் 12 என்று எழுதுவதே முறை. பதிவேட்டில் உள்ள மற்ற எல்லாத் தேதிகளும் அதே கணக்கில்தான் இருக்கின்றன.

இறப்புப் பதிவேட்டின் பெரும்பயன் புகழ்பெற்றவர்களைப் பற்றியதுகூட அல்ல. ஒரு தெருவில் ஓராண்டில் எத்தனை பேர் காலராவால் இறந்தார்கள், எத்தனை குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டவில்லை என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பவருக்கு, அந்தத் தெருவின் கிணறும் சாக்கடையும் எப்படி இருந்தன என்பது தானே விளங்கிவிடும். நகராட்சியின் சுகாதார அதிகாரி ஆண்டுதோறும் எழுதிய அறிக்கையோடு இதைச் சேர்த்துப் படிக்கவேண்டும்.

தண்ணீரின் ஏடுகள்

சென்னையின் நகராட்சி ஆவணங்களில் மிகவும் தடித்தவை தண்ணீர் பற்றியவை என்றால் மிகையாகாது. 1772-இல் கேப்டன் பேக்கர் ஏழு கிணற்றிலிருந்து கோட்டைக்கு நீர் கொண்டுவந்தார். அது கோட்டைக்கான நீர்; ஊருக்கானது அல்ல. ஊர் முழுவதற்குமான திட்டம் நூறாண்டு கழித்தே வந்தது. பொறியாளர் ஃபிரேசர் வகுத்த திட்டத்தின்படி கொசஸ்தலையாற்று நீர் தாமரைப்பாக்கம் அணையிலிருந்து சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாக 1872-இல் நகரை வந்தடைந்தது. வடிகட்டாத நீர் அது. 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. அந்தப் பணியை நடத்தியவர் பொறியாளர் மேட்லி, தியாகராய நகரைச் சேர்ந்தவர்கள் மேட்லி சாலை என்று அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள். 1939-இல் மேயரான சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காக வாதாடினார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1944-இல் அது நிறைவேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943-இலேயே மறைந்துவிட்டார்.

இந்த வரிசையைப் பாடநூலிலும் படிக்கலாம். குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் வந்தது, எந்தத் தெருவுக்குப் பல ஆண்டு கழித்து வந்தது என்பதைப் பாடநூல் சொல்லாது. அதைச் சொல்வன பொறியியல் பிரிவின் கோப்புகளும் வரைபடங்களும். பொதுக்குழாய் எங்கே வைக்கப்பட்டது, யார் கேட்டு வைக்கப்பட்டது, யார் எதிர்த்து இடம் மாற்றப்பட்டது என்று தேடிப் போனால், அந்தக் கோட்டத்தின் சாதியமைப்பும் வாக்குரிமையும் கண்முன் வந்து நிற்கும்.

ஓர் அணாச் சிற்றுண்டி

1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒரு சிறிய செலவுக்கு ஒப்புதல் அளித்தது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி தரலாம். ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது தீர்மானம். அப்போது மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராயர். அப்பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள், அதனால் வருகை குறைகிறது என்பதே அவர் காட்டிய காரணம். திட்டம் பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது, சேர்க்கையும் கூடியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவழிக்க அரசு இசைவு தராததால் 1925 ஏப்ரல் 1 அன்று அது நின்றுபோனது.

காமராசர் காலத்து மதிய உணவும் 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் தமிழர் அனைவரும் அறிந்தவை. அவற்றுக்கெல்லாம் முன்னோடியாக ஒரு நகராட்சி மன்றத்தின் ஓரணாத் தீர்மானம் இருந்தது என்பதை நமக்குக் காட்டியது நடவடிக்கைக் குறிப்பேடு. 2022-இல் தமிழக அரசு காலை உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது நூறாண்டுக்கு முந்தைய இந்த முயற்சி பரவலாக நினைவுகூரப்பட்டது. திட்டம் தொடங்கியதை மட்டுமல்ல, நின்றதையும், நின்றதற்கான நிதிக் காரணத்தையும் அதே ஏடுகள் சொல்கின்றன. நல்ல நோக்கம் நிதி விதிகளில் எப்படிச் சிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மாமன்றக் குறிப்புகளில் இப்படிப்பட்ட அரிய பக்கங்கள் பல. முத்துலட்சுமி ரெட்டி 1937 முதல் 1939 வரை ஆல்டர்மனாகப் பணியாற்றினார். 1937-இல் ஜே. சிவசண்முகம் பிள்ளை மேயரானார், ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து அப்பதவிக்கு வந்த முதலாமவர் அவர். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சென்னை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. மேயர் செங்கல்வராயன், ம.பொ.சி. போன்றோர் இருந்த மாமன்றம் நகரம் தமிழகத்துக்கே என்று குரல் கொடுத்தது. குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் கூடிய மன்றம் மாநில எல்லைப் போரின் களமாகவும் ஆனது.

தெருப் பெயரும் நிரப்பப்பட்ட ஏரியும்

தியாகராய நகரின் தெருக்கள் 1920-களின் நகராட்சியை அப்படியே பெயர்ப்பலகைகளில் வைத்திருக்கின்றன. நகரின் பெயரே மன்றத் தலைவரான தியாகராயருடையது. பனகல் பூங்கா நீதிக்கட்சியின் முதலமைச்சர் பனகல் அரசருடையது. ஜி. என். செட்டி சாலை, நடேசன் தெரு ஆகியவை அக்கட்சியின் தலைவர்களை நினைவூட்டுபவை. மலோனி சாலை மன்றத் தலைவராக இருந்த அதிகாரி ஜே. சார்ட்ரஸ் மலோனியைக் குறிக்கிறது. வெங்கடநாராயணா சாலை ஆணையராக இருந்தவரின் பெயர். யார் யாரோடு அதிகாரத்தில் இருந்தார்கள் என்பதை இப்பெயர்களைக் கொண்டே கண்டுகொள்ளலாம்.

அதே தெருக்களுக்கு அடியில் ஓர் ஏரி இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த நீர்நிலையின் மாம்பலப் பகுதியை நிரப்பியே இந்நகர் எழுந்தது. 1920-இன் நகரமைப்புச் சட்டம் அதற்கு வழிகோலியது. பழைய நில அளவை வரைபடத்தின் மீது இன்றைய தெரு வரைபடத்தை வைத்துப் பார்த்தால் கரை எங்கே இருந்தது, கலங்கல் எங்கே இருந்தது என்பது புரியும். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் நீர் தேங்குகிறது என்ற கேள்விக்கு, இன்றைய பொறியாளரைவிட அந்தப் பழைய வரைபடம் தெளிவாகப் பதில் சொல்லும். இதேபோல், முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் இடையே இருந்த பள்ளத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் மேடாக்கிச் சாலை போட்டார். பாப்பம்ஸ் பிராட்வே என்றிருந்த அச்சாலை இன்று பிரகாசம் சாலை. 1755-இன் கான்ராடி வரைபடத்தில் சாலை இல்லை. 1822-இல் வெளிவந்த ரேவன்ஷா வரைபடத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவருக்கு நடுவில் நடந்தது விளங்கும்.

தேடும் முறை

ஒரு வீட்டிலிருந்து தொடங்குவதே எளிய வழி. சென்னையின் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதப்பட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவை இரண்டும்கூட முதல் எண்கள் அல்ல. அதற்கு முன்பும் எண்கள் மாறியிருக்கின்றன. ஆகவே கதவு எண்ணை நம்பிப் பின்னோக்கிப் போக முடியாது. நில அளவை எண் அதைவிட உறுதியானது. பத்திரங்களில் பழைய சர்வே எண், மறு அளவை எண், கலெக்டர் சான்றிதழ் எண் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு அளவைப் பதிவேட்டுக்குப் போகலாம். அங்கிருந்து சொத்து வரி மதிப்பீட்டுப் பதிவேட்டுக்குப் போகலாம். மதிப்பீட்டுப் பதிவேட்டில் உரிமையாளர், குடியிருப்பவர், கட்டடத்தின் வகை, ஆண்டு வாடகை மதிப்பு ஆகியவை கிடைக்கும். ஓட்டு வீடு எப்போது மாடி வீடானது, மாடி வீடு எப்போது கடையானது என்பதை ஆண்டு ஆண்டாகப் பார்க்கலாம்.

பெயர்களில் கவனம் வேண்டும். திருவொற்றியூர் ட்ரிவட்டூர் ஆகவும் திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆகவும் எழுதப்பட்டன. ஒரே தெருவின் பெயரை மூன்று எழுத்தர்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அட்டவணையில் ஒரு வடிவத்தை மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. சாதிப் பின்னொட்டோடு இருந்த தெருப் பெயர்கள் பல பிற்காலத்தில் சுருக்கப்பட்டதையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

நகராட்சி ஏடு தனியாக நின்று முழுக்கதையும் சொல்லாது. சுதேசமித்திரன், தி இந்து, மெட்ராஸ் மெயில் ஆகிய இதழ்களில் மன்றக் கூட்டச் செய்திகள் வந்தன. ஏட்டில் 'விவாதத்துக்குப் பின் நிறைவேறியது' என்று ஒற்றை வரியில் முடிவது, இதழில் இரண்டு பத்தி வாக்குவாதமாக இருக்கும். அசைலம் அச்சகம் ஆண்டுதோறும் வெளியிட்ட நகர விவரத் தொகுப்பு, எந்தத் தெருவில் எந்த அலுவலகமும் எந்தப் பிரமுகரும் இருந்தார்கள் என்று காட்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த முதியோரின் நினைவு மற்றொரு மூலம். அவர்கள் வாழ்ந்திருக்கும்போதே அது கேட்டுப் பதியப்படவேண்டியது.

ஏடு சொல்லாதவை

நகராட்சி காதுகொடுத்துக் கேட்டது வரி செலுத்தியவர்களின் பேச்சையே. நெடுங்காலம் வாக்குரிமையும் அவர்களுக்கே இருந்தது. எனவே மனுக்களில் வீட்டு உரிமையாளர் குரல் ஓங்கி ஒலிக்கும். குடிசைவாசி 'ஆக்கிரமிப்பு' என்ற தலைப்பின் கீழ் வருவார். தெருவோர வியாபாரி 'இடையூறு' என்ற தலைப்பின் கீழ் வருவார். நகரைச் சுமந்த துப்புரவுத் தொழிலாளி பெரும்பாலும் எண்ணிக்கையாகவும் கூலித் தொகையாகவுமே வருவார். சேரிகளைப் பற்றிய அறிக்கைகள் அங்கே வாழ்ந்தவர்களின் துயரத்தைவிட, அங்கிருந்து நோய் மற்றவர்களுக்குப் பரவிவிடுமோ என்ற அச்சத்தையே அதிகம் பேசுகின்றன. இந்தச் சாய்வை உணராமல் ஏட்டைப் படித்தால், ஏட்டை எழுதியவரின் கண்ணோட்டமே ஆய்வாளரின் கண்ணோட்டமாகிவிடும்.

வேறொரு வகை மௌனமும் உண்டு. 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் எழுந்து கேள்வி கேட்கவில்லை. தனி அலுவலர்களின் ஆணைகள் மட்டும் உண்டு. 2016 முதல் 2022 வரை மீண்டும் அதே நிலை. மேம்பாலங்களும் புறநகர்களும் பெருகிய காலத்தில் மக்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு மன்றச் சான்று இல்லை. ஜனநாயக இடைவெளி அப்படியே ஆவண இடைவெளியாகிவிட்டது.

இன்னொரு இழப்பு சட்டப்படியே நடப்பது. தமிழ்நாட்டு அரசு அலுவலக நடைமுறையில் கோப்பு முடிக்கப்படும்போதே அதன் ஆயுளும் குறிக்கப்படுகிறது. நிரந்தரமாக வைக்கவேண்டியவை, பத்தாண்டுக்குப் பின் அழிக்கலாம் என்பவை, மூன்றாண்டு, ஓராண்டு என்று வகைகள் உண்டு. இடநெருக்கடி உள்ள அலுவலகத்துக்கு இந்த முறை தேவைதான். ஆனால் ஓராண்டு முடிவு என்று குறிக்கப்படுபவை பெரும்பாலும் தனிமனிதரின் மனுக்களும் புகார்களும். ஏழைகளின் குரல் ஏட்டில் நுழையும் ஒரே வாசல் அதுதான். முதலில் மறைவதும் அதுதான்.

சென்னையைப் பற்றிச் சொன்ன அனைத்தும் தமிழகத்தின் மற்ற நகரங்களுக்கும் அளவில் வேறுபட்டுப் பொருந்தும். 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தை ஒட்டி, 1866-இல் மதுரை, கோவை, சேலம், திருச்சி முதலிய ஊர்களில் நகராட்சிகள் தோன்றின. ஈரோட்டில் பெரியாரும் சேலத்தில் ராஜாஜியும் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர்களாக இருந்தார்கள். பின்னாளில் எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே காலத்தில் குழாயும் சாக்கடையும் பற்றிக் கோப்பெழுதிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தக் கோப்புகளின் வழியே இருவரையும் ஒப்பிட்டு எழுதப்படும் நூல் தமிழில் பெருமதிப்புள்ளதாக அமையும்.

எழும்பூர் காப்பகத்தில் உள்ளவை ஓரளவு பாதுகாப்பாக இருக்கின்றன. ஆபத்தில் இருப்பவை வட்ட அலுவலகங்களின் பரண்களில் கிடக்கும் பழைய மதிப்பீட்டுப் பதிவேடுகளும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும், மருந்தகக் குறிப்பேடுகளும்தான். கணினிக்கு மாறிய பிறகு அலுவலகத்துக்கு அவற்றால் பயனில்லை. அலுவலகக் கட்டடம் இடிக்கப்படும்போது அவையும் பழைய தாள் கடைக்குப் போய்விடும். ஒவ்வொரு நகராட்சியும் தன்னிடம் எந்த ஆண்டின் எந்தப் பதிவேடு இருக்கிறது என்ற எளிய பட்டியலை முதலில் வெளியிடவேண்டும். முப்பது ஆண்டு கடந்த பதிவேடு எதையும் ஆவணக் காப்பகத்தின் எழுத்துமூல இசைவு இல்லாமல் அகற்றக்கூடாது. கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் தங்கள் மாணவரைத் தங்கள் ஊர் நகராட்சியின் பதிவேட்டறைக்கு அனுப்பி அந்தப் பட்டியலைத் தயாரிக்க உதவவேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது, தாமதம்தான் ஆகக்கூடாது.